சக்கரம் இல்லாத பஸ்

பட்டாணி வீட்டை விட்டுப் போனது ஒரு திங்கட்கிழமை. ஏழு மணிக்கு பஸ். ஆறரைக்கே அவளுடைய அப்பா பெட்டியோடு தெருவில் நின்றுவிட்டார். அம்மா மட்டும் மாடியில் மூன்றாவது முறையாக அலமாரியைத் திறந்து மூடிக்கொண்டிருந்தாள். எதையோ எடுத்து வைக்க மறந்துவிட்டோம் என்று அவளுக்கு ஒரு பதைப்பு.

பட்டாணிக்கு அப்போது ஆறு வயது. பிறந்ததிலிருந்தே பார்வை கிடையாது. பஸ்ஸில் மூன்று மணி நேரம் போனால் பார்வையற்ற குழந்தைகள் தங்கிப் படிக்கும் பள்ளி ஒன்று இருந்தது. அங்கே இடம் கிடைத்திருந்தது. மாடிப்படி பதினாறையும் வாய்விட்டு எண்ணியபடி அவள் இறங்கி வந்தாள். படி முடிகிற இடத்தில் பட்டறை தொடங்கிவிடும். தெருவுக்குப் போக வேறு வழி இல்லை. அங்கே அத்தை நின்றிருந்தாள்.

"கை எங்கே?" என்று கேட்டாள் அத்தை.

"பூட்டியாச்சு." பட்டாணி இரண்டு கைகளையும் இறுக மூடி நெஞ்சோடு சேர்த்துக் காட்டினாள்.

"சமர்த்து."

பட்டறையின் குறுக்கே அத்தை அவளைத் தோளைப் பிடித்து நடத்திப் போனாள். தெருவில் இறங்கியதும் பட்டாணி கேட்டாள்: "அங்கே எத்தனை படி இருக்கும் அத்தை?"

"தெரியலையே."

"பரவாயில்ல. எண்ணிட்டுச் சொல்றேன்."

அன்றைக்கு அழாமல் இருந்த ஒரே ஆள் அவள்தான்.

இனி அத்தையைப் பற்றி. பட்டாணியின் அப்பாவுக்குத் தங்கை, அண்ணன் வீட்டோடு இருந்தாள். பஸ்களுக்கு இருக்கை உறை தைக்கிற அந்தப் பட்டறையில் அவளுக்குப் பதினாலு வருஷ வேலை. ஓடித் தேய்ந்த பஸ்களிலிருந்து இருக்கைகளைக் கழற்றிக் கொண்டுவந்து போடுவார்கள். கிழிந்த ரெக்சினை உரிப்பது, நுரையை வெட்டி ஒட்டுவது, புது உறை தைத்து இழுத்து மாட்டுவது எல்லாம் அவள் பொறுப்பு. கொக்கி மாதிரி வளைந்த ஊசி, ரெக்சினை வெண்ணெயாக அறுக்கும் கத்தி, மூக்கைத் துளைக்கும் பசை. பட்டாணி பேசத் தொடங்கிய நாளிலிருந்து மாடியில் நின்று "அத்தே" என்று கூவிய கூவலில், அவளைவிடப் பதினைந்து வயது மூத்த முதலாளியும் அவளை அத்தை என்றே கூப்பிட ஆரம்பித்துவிட்டார். "அத்தை மகள் யாருன்னு என் பொண்டாட்டி சந்தேகப்படறா, வேற பேர் வச்சுக்க" என்று வருஷத்துக்கு ஒருமுறை கெஞ்சுவார். பேர் மாறவில்லை.

பட்டாணிக்கு இரண்டு வயதில், தரையில் கிடந்த வளைந்த ஊசி உள்ளங்கையில் ஏறிவிட்டது. மூன்று தையல். அன்றைக்கு அத்தை போட்ட சட்டம்தான் "கையைப் பூட்டு". பட்டறைக்குள் கால் வைத்தால் கை மூடியிருக்க வேண்டும். சட்டம் மெல்ல மாடி ஏறியது. அடுப்புப் பக்கம் போனாலும் பூட்டு, இஸ்திரிப் பெட்டி சூடாக இருந்தாலும் பூட்டு, அப்பா மின்கம்பிகளைப் பரப்பி வைத்து வேலை பார்த்தாலும் பூட்டு. கண்ணுக்குள் வைத்து வளர்க்கிறோம் என்று மூன்று பேருமே நினைத்தார்கள்.

ஒரு மாதம் கழித்துப் பள்ளியிலிருந்து டீச்சர் போன் செய்தாள். அண்ணனும் அண்ணியும் வேலைக்குப் போயிருந்ததால் அத்தைதான் எடுத்தாள்.

"நல்ல காதும்மா அவளுக்கு. ஒரு தடவை கேட்டதை அப்படியே ஒப்பிக்கிறா. ஆனா கையைத் திறக்க மாட்டேங்கிறா."

"கையையா?"

"எதை முன்னாடி வச்சாலும் மூடிக்கிறா. புள்ளி எழுத்தை விரலால தொடாம எப்படிப் படிக்க முடியும்? நாங்களும் சொல்லிப் பாத்துட்டோம், கெஞ்சிப் பாத்துட்டோம். அரைப் பரீட்சை வரைக்கும் பாக்கறோம். அப்பவும் இப்படியே இருந்தா வீட்டுக்குக் கூட்டிட்டுப் போயிடுங்க. ரெண்டு வருஷம் கழிச்சு மறுபடி கேட்டுப் பாக்கலாம். இடத்துக்குக் காத்திருக்கிற பிள்ளைங்க நிறைய."

அத்தையின் முகத்தில் ஈயாடவில்லை. சாயங்காலம் அண்ணியிடம் சொன்னபோது அண்ணி கோபிக்கவில்லை. கோபித்திருந்தால் தேவலை. கழுவிய தட்டைத் துடைத்துக்கொண்டே, "பூட்டினவங்கதானே சாவி வச்சிருப்பாங்க" என்று மட்டும் சொன்னாள். நாத்தனாருக்கு அது போதும்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை அத்தை பள்ளிக்குப் போனாள். பட்டாணி அவளைப் புத்தக அறைக்குக் கூட்டிப் போனாள். படி எண்ணிக்கையைச் சொல்லிவிட்டு (மொத்தம் நாற்பத்தொன்று) அங்கே கேட்ட கதைகளைச் சொல்லத் தொடங்கினாள்.

"ஒரு கண்ணு தெரியாத பொண்ணு. ரொம்ப நல்லவ. பொய்யே சொல்ல மாட்டா. கடைசியில கண்ணு வந்துடுச்சு."

"வேற?"

"ஒரு கண்ணு தெரியாத பையன். எல்லாருக்கும் உதவி பண்ணுவான். அவனுக்கும் வந்துடுச்சு." கொஞ்சம் யோசித்துவிட்டுக் கேட்டாள்: "எனக்கு வராதுன்னு டாக்டர் சொன்னார்ல? நான் பொய் சொல்றேனே, அதனாலயா?"

"சேச்சே. அதுக்கும் இதுக்கும் சம்பந்தமே இல்ல."

"அப்போ வராதவங்களுக்குக் கதை கிடையாதா?"

திரும்பி வரும் வழியெல்லாம் அந்தக் கேள்வி அத்தையை ஊசி முனைபோலக் குத்தியது. வீடு வந்து சேர்ந்தபோது ஒரு முடிவோடு வந்தாள். அவளே ஒரு புத்தகம் தைக்கப் போகிறாள். படமும் இருக்கும், கதையும் இருக்கும், கடைசியில் யாருக்கும் கண் வராது.

என்ன படம் போடுவது என்று அவள் யோசிக்கவே இல்லை. உலகத்திலேயே அவளுக்கு நன்றாகத் தெரிந்த பொருள் பஸ். மூன்று வாரம் வேலை முடிந்த பிறகு உட்கார்ந்து தைத்தாள். நீல ரெக்சினில் பஸ்ஸின் உடம்பு. ஜன்னல்களுக்கு வழுவழுப்பான பிளாஸ்டிக். கறுப்பு ரப்பரில் இரண்டு சக்கரம், சுற்றிவிட்டால் சுற்றும். முன்விளக்குக்கு ஒரு பித்தளைப் பொத்தான். முதலாளி அதை எட்ட வைத்துப் பார்த்தார், கிட்ட வைத்துப் பார்த்தார்.

"அத்தை, இதுல டிரைவரை உக்கார வச்சா ஓட்டிட்டுப் போயிடுவான்."

அந்தப் பெருமையோடுதான் அடுத்த தடவை பள்ளிக்குப் போனாள். புத்தக அறையில் மேஜைமேல் அதை வைத்தாள். பட்டாணியின் கைகள் மடியில் மூடிக் கிடந்தன.

"பட்டாணி, கையைப் பூட்டச் சொன்னது நம்ம பட்டறையில மட்டும்தான். அதை நான் உனக்குச் சொல்லாம விட்டுட்டேன். இங்கே தொறக்கலாம்."

"இங்கேயும்தான் பட்டறை இருக்கே."

"இங்கே எங்கே இருக்கு?"

"பசை வாசனை அடிக்குது பாரு."

அத்தை மூச்சை இழுத்துப் பார்த்தாள். அடித்தது. பக்கத்து மேஜையில் டீச்சர் கிழிந்த அட்டைகளுக்குப் பசை தடவிக் காய வைத்திருந்தாள். புள்ளி எழுத்துப் பாடமும் தினமும் அந்த அறையில்தான். பதினாலு வருஷமாகப் பசையோடு பழகிய மூக்குக்கு அது எட்டவே இல்லை. இரண்டு மாதமாக அந்தப் பள்ளியில் எல்லோரும் பிடிவாதம் பிடிவாதம் என்று சொல்லிக்கொண்டிருக்க, குழந்தை வீட்டில் போட்ட சட்டத்தை ஒரு எழுத்துப் பிசகாமல் காப்பாற்றிக்கொண்டிருந்திருக்கிறது. டீச்சர் பசைக் கிண்ணத்தைப் பார்த்தாள், அத்தையைப் பார்த்தாள், எழுந்து போய் ஜன்னல்களைத் திறந்தாள்.

மூவரும் வெளியே தாழ்வாரத்துக்குப் போனார்கள். அங்கே பட்டாணி வலது கையில் ஒரே ஒரு விரலைத் திறந்தாள். அந்த விரல் ரெக்சினின் விளிம்போடு மெதுவாக ஒரு சுற்றுப் போனது. பொத்தானில் நின்றது. சக்கரத்தைத் தட்டியது.

"என்ன இது?"

"நீயே சொல்லு."

"பிஸ்கட்டா?"

"பஸ்சு."

பட்டாணி சிரித்தாள். அத்தை விளையாடுகிறாள் என்றே நினைத்துவிட்டாள். "நான் எத்தனை பஸ்ல ஏறியிருக்கேன். பஸ் இப்படியா இருக்கும்?"

"ஏன், இதோ பாரு சக்கரம்."

"சக்கரத்தை யாரு தொட்டா? நீ தொட்டிருக்கியா?"

அத்தை தொட்டதில்லை.

"அப்போ பஸ் எப்படி இருக்கும்? சொல்லேன், கேட்கறேன்."

பட்டாணி சொல்ல ஆரம்பித்தாள். முதலில் ஒரு படி வரும். முழங்காலுக்கு மேலே இருக்கும், ஓரத்தில் வரிவரியாகத் தகடு. அப்புறம் ஒரு கம்பி. அதில் யாராவது பிடித்துக்கொண்டிருந்த இடம் மட்டும் சூடாக இருக்கும், மேலே ஜில்லென்று இருக்கும். அப்புறம் யாருடைய பையோ வந்து மூஞ்சியில் இடிக்கும், அதில் ஒரு கொக்கி இருக்கும். உட்கார்ந்தால் இருக்கை கிழிந்திருக்கும், உள்ளே விரலை விட்டால் மெத்தென்று ஏதோ பிய்ந்து வரும். ஜன்னல் கம்பியில் பல்லை வைத்தால் பல்லெல்லாம் கூசும். நிற்கும்போது பஸ் நின்றுவிடும், நாம் மட்டும் இன்னும் கொஞ்சம் போவோம்.

"இதுதான் பஸ்சு" என்று முடித்துவிட்டு, நீல ரெக்சினைத் தள்ளி வைத்தாள். "இதுல ஒண்ணுமே இல்ல அத்தை." விரல் மறுபடி மடங்கிக்கொண்டது.

டீச்சர் பெருமூச்சு விட்டாள். பரீட்சைக்கு ஐந்து வாரம்தான் இருந்தது.

திரும்பும்போது பஸ்ஸில் ஏறியதும் அத்தை கண்களை மூடிக்கொண்டாள். சும்மா ஒரு பரீட்சைதான். படியின் தகட்டை அவள் கால் முதல்முறையாகக் கவனித்தது. நடுவில் தேய்ந்து, ஓரங்களில் மட்டும் வரிகள் மிச்சம். கம்பியைப் பிடித்தாள். சூடு. கையை ஒரு சாண் மேலே நகர்த்தினாள். ஜில்லென்று இருந்தது. ஒரு பை அவள் தோளில் இடித்துவிட்டுப் போனது. இருக்கையில் உட்கார்ந்து ஓரத்தைத் தடவினாள். அது அவளே தைத்த இருக்கை. தையல் இழை இழையாக விரலுக்குத் தெரிந்தது. ஓரத்தைக் குழாய்போல உருட்டிப் போட்ட தையலை நூல் பிடித்ததுபோல நேராக ஓட்டியிருந்தாள். ஆனால் மூலையில் நூலை முடிச்சிட்டு விட்டிருந்த இடம் தொடையில் குத்தியது. இத்தனை வருஷமாக எத்தனை ஆயிரம் தொடைகளைக் குத்தியிருக்கும் அது. யாரும் உட்காராத பஸ்ஸைத்தான் அவள் பதினாலு வருஷமாகப் பார்த்திருக்கிறாள். ஆறு வயதுக் குழந்தையோ அதில் ஏறி இறங்கியிருக்கிறது. மூடிய கண்களுக்குப் பின்னால் அந்தப் பஸ் எவ்வளவு பெரிதாக இருந்தது என்று அவளுக்கே நம்பமுடியவில்லை.

"எறங்கலையாக்கா?" என்று கண்டக்டர் தோளருகே குனிந்து கேட்டார். "உங்க ஸ்டாப் தாண்டி ரெண்டு ஆச்சு. நல்ல தூக்கமோ?"

"தூங்கலை. கண்ணை மூடியிருந்தேன்."

"எல்லாரும் அப்படித்தான் சொல்றாங்க. குறட்டை மட்டும் விடுறாங்க."

மறுநாளே இரண்டாவது புத்தகம் தொடங்கியது. கழற்றிப்போட்ட பழைய பஸ் படியிலிருந்து தேய்ந்த தகட்டை ஒரு சாண் அளவுக்கு வெட்டி, முனைகளை அரம் போட்டு மழுக்கி முதல் பக்கத்தில் பதித்தாள். இரண்டாம் பக்கத்தில் ரப்பர் உறை போட்ட கம்பித்துண்டு. மூன்றில் ஒரு பைக் கொக்கி. ஜன்னல் பக்கத்துக்கு, துணிக்கு அடியில் மெல்லிய சுருள் கம்பி இரண்டை வைத்துத் தைத்தாள். தொட்டால் நடுங்கும். பஸ் நிற்கிற பக்கம்தான் அவளைப் பாடாய்ப் படுத்தியது. நான்கு தடவை பிரித்துத் தைத்தாள். கடைசியில் இழுவை ரப்பர் வைத்த ஒரு பட்டைக்குள் விரலை நுழைத்தால், பக்கத்தைப் புரட்டும்போது விரலை அது முன்னால் இழுத்துவிடும்படி அமைந்தது. ஒவ்வொரு பக்கத்தின் அடியிலும் டீச்சர் புள்ளி குத்தி அனுப்பிய தாளை ஒட்டினாள். பஸ் வந்தது. பஸ் கிளம்பியது. பஸ் குலுங்கியது. பஸ் நின்றது. இந்த முறை பசை வாசனை போக எட்டு நாள் வெயிலில் காய வைத்தாள்.

கிழிந்த இருக்கைப் பக்கத்துக்காகப் புது ரெக்சினை எடுத்துக் கத்தியால் கீறிக்கொண்டிருந்தபோது முதலாளி வந்து நின்றார்.

"ஊர்க் கிழிசலையெல்லாம் மூடுறதுக்குத்தானே உன்னை வேலைக்கு வச்சேன்?"

"ஆமா."

"இப்போ என்ன பண்றே?"

"கிழிக்கிறேன். நல்லா வரமாட்டேங்குது. பஸ்ல கிழியற மாதிரி வரலை."

முதலாளி கத்தியை வாங்கி ஓரம் வைத்துவிட்டு, கட்டை விரல் நகத்தால் பிசிறு பிசிறாக இழுத்துக் காட்டினார். "பசங்க இப்படித்தான் கிழிப்பாங்க. நானும் ஒரு காலத்துல பையன்தானே."

பரீட்சைக்கு ஒரு வாரம் இருக்கையில் அத்தையும் அண்ணியும் சேர்ந்து போனார்கள். பட்டாணியோடும் டீச்சரோடும் அத்தை தாழ்வாரத்தில் உட்கார்ந்தாள். அண்ணி நகத்தைக் கடித்தபடி தூணோரம் நின்றாள். அத்தை புத்தகத்தைத் திறந்து வைத்துவிட்டு ஒன்றும் சொல்லவில்லை. இது என்ன என்றுகூடச் சொல்லவில்லை.

ஒரு விரல் வந்தது. தகட்டில் பட்டது. நின்றது. இரண்டாவது விரல் திறந்தது. பிறகு கை முழுக்க.

"படிக்கட்டு" என்றாள் பட்டாணி.

பக்கம் புரட்டியபோது இரண்டாவது கையும் திறந்துவிட்டது. கம்பியைப் பிடித்தாள். கொக்கியைக் கண்டதும் மூக்கைத் தேய்த்துக்கொண்டாள். கிழிசலைத் தேடிப் பிடித்து உள்ளே விரலை விட்டு ஒரு துணுக்கு நுரையைப் பிய்த்தும் எடுத்துவிட்டாள். ஜன்னல் பக்கத்தை அப்படியே தூக்கி வாயில் வைத்துப் பார்த்தாள். பஸ் நின்ற பக்கத்தில் விரல் முன்னால் போனதும் "ஐயோ விழுந்துட்டேன்" என்று முன்னால் சாய்ந்து சிரித்தாள். அண்ணி முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள்.

மறுபடி முதலிலிருந்து. இந்த முறை விரல்கள் படத்தைத் தாண்டிக் கீழே இறங்கின. தாளில் இருந்த புள்ளிகளைத் தடவின. அடுத்த பக்கம் போய்ப் புள்ளிகளைத் தடவிவிட்டுத் திரும்பி முதல் பக்கத்துக்கு வந்தன. மறுபடி அடுத்த பக்கம். டீச்சர் அத்தையின் கையை அழுத்தினாள். பேசாதே என்று அர்த்தம்.

"இதோ இங்கே முதல்ல இருக்கறது," என்றாள் பட்டாணி மெதுவாக, "இந்தப் பக்கத்துலயும் இருக்கு. இங்கேயும் இருக்கு. எல்லாத்துலயும் இதேதான் முதல்ல வருது." விரலை அங்கேயே வைத்துக்கொண்டு முகத்தை நிமிர்த்தினாள். "இதுதான் பஸ்ஸா?"

யாரும் அவளுக்குச் சொல்லித்தரவில்லை. கோடானுகோடிப் பேர் படிக்கிறார்கள், எழுத்து என்ற ஒன்று இருக்கிறது என்பதை இப்படித் தானே கண்டுபிடித்த ஒரு நொடியை அத்தை வேறெங்கும் கண்டதில்லை.

"ஆமா," என்றாள் டீச்சர், "அதான் பஸ்."

"அத்தை, ஒரு தப்பு பண்ணிட்டே. இருக்கைக்கு அடியில மிட்டாய்க் காகிதம் இருக்கும். அதை வைக்கல."

வைத்தாள். அதற்குள் விடுதியில் பதினொரு பிள்ளைகள் வரிசையில் நின்று அந்தப் பஸ்ஸில் ஏறி இறங்கிவிட்டார்கள். ஒருத்தி மழை வேண்டுமென்றாள். ஒருவன் முடிவெட்டும் கடை வேண்டுமென்றான். யார் கேட்டாலும் அத்தை சொல்லும் பதில் ஒன்றுதான்: "எனக்குத் தெரியாது. நீ சொல்லு, நான் தைக்கிறேன்." தெருக்கோடி மெக்கானிக்கின் மகள் சக்கர நாற்காலியில் போகிறவள். ஊரிலுள்ள வாசற்படிகளைப் பற்றி அரை மணி நேரம் திட்டித் தீர்த்தாள். ஒவ்வொரு வாசலின் உயரமும் அவள் நாக்கு நுனியில் இருந்தது. அவளை இடறிவிட்ட இரண்டங்குலப் படிகளை வைத்தே ஒரு புத்தகம் வந்தது. அதை வாசித்த நூலகக்காரர் தன் வாசலில் சாய்தளம் போட்டார். ஆனால் அந்தப் பெண்ணுக்குப் பிடித்ததென்னவோ, அவள் ஒரு நாய்க்குட்டியை நாற்காலியில் ஏற்றிக்கொண்டு சரிவில் பறக்கிற பக்கம்தான்.

வேலையை அத்தை விடவில்லை. இருக்கை மூலை முடிச்சை மட்டும் உள்ளே திருப்பித் தைக்க ஆரம்பித்தாள். அதை யாரும் கவனித்ததாகத் தெரியவில்லை. மாதம் ஒரு புத்தகம், சில மாதம் அதுவும் இல்லை. ஒருமுறை நல்ல உடை உடுத்திய நான்கு பேர் வந்து புத்தகங்களைப் புரட்டிப் பார்த்துவிட்டு, எல்லாம் பிரமாதம், ஆனால் கதையின் முடிவில் அந்தக் குழந்தை ஏதாவது சாதிக்க வேண்டாமா என்று கேட்டார்கள். படிக்கிறவர்களுக்கு ஊக்கமாக இருக்குமே.

"என் பஸ்ல ஏறினவ அவ ஸ்டாப்ல எறங்கிடுவா," என்றாள் அத்தை. "நானே ரெண்டு ஸ்டாப் தாண்டிப் போனவ. சரியா எறங்கறதே பெரிய சாதனைதான்."

பட்டாணி அந்தப் பள்ளியிலேயே படித்து முடித்து, கல்லூரிக்குப் போய், வேலை கிடைத்து வெகுதூரத்து நகரம் ஒன்றுக்குப் போனாள். அத்தைக்கு முடி நரைத்தது. முதலாளி போய், அவர் மகன் முதலாளியானான். அவனும் அவளை அத்தை என்றுதான் கூப்பிட்டான். ஒருநாள் மதியம் மெஷினை நிறுத்திவிட்டுச் சாப்பிட உட்கார்ந்தபோது போனில் ஒரு குரல் பதிவு வந்தது. பின்னால் ஏதோ பெரிய இரைச்சல், காற்றடிக்கிற மாதிரி. அத்தை காதோடு அழுத்தி வைத்துக் கேட்டாள்.

"அத்தை, நான் இப்போ கடல்ல நிக்கிறேன். ஆபீஸ் பொண்ணுங்களோட வந்தேன். நீ கடலைப் பார்த்ததே இல்லைன்னு சொல்லுவே, அதான் சொல்றேன், எழுதிக்க. முதல் பக்கத்துல சத்தம் வைக்காதே. சத்தத்துக்கு முன்னாடியே உதட்டுல உப்பு வந்துடுது. அப்புறம் மணல், மேலே சுடுது, காலைப் புதைச்சா உள்ளே ஈரம். தண்ணி வரும்போது தள்ளலை, முதல்ல கட்டை விரலை மட்டும் தொட்டுட்டுப் போயிடுது, நம்மளைத் தெரியுமான்னு பாக்கற மாதிரி. அடுத்த தடவை முழங்கால் வரைக்கும் வருது. ஆனா பெரிய விஷயம் அது இல்ல. தண்ணி திரும்பிப் போகும்போது குதிகாலுக்கு அடியில இருக்கிற மணலையும் எடுத்துட்டுப் போகுது. நான் நகரவே இல்ல, ஆனா உலகம் என் காலுக்கடியில இருந்து நழுவுது. அரை மணி நேரமா இங்கேயே நின்னு அதை மட்டும் பார்த்துட்டிருக்கேன், இவங்க என்னைக் கூப்பிட்டுக் களைச்சுட்டாங்க. அதை எப்படித் தைக்கிறதுன்னு எனக்குத் தெரியல. நீ பாத்துக்க."